ஓக் குரோவில் டிஸ்க் எறியும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

கலிஃபோர்னியாவின் பாசடீனாவிலுள்ள ஹஹமோங்னா பூங்காவில் நாம் ஆடும் ஓக் குரோவ், உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் (பந்துக்குப் பதில் தட்டை இலக்கை நோக்கி எறியும் ஆட்டம்) மைதானம். 1975இல் எட் ஹெட்ரிக் அமைத்தது. தொடக்கத்தில் இங்கே இலக்கு வெறும் கம்பம்தான். டிஸ்க் அதில் பட்டதா இல்லையா என்ற தகராறுக்கு முடிவு கட்டியது, டிஸ்க்கைத் தடுத்துப் பிடித்துக்கொள்ளும் அவருடைய சங்கிலிக் கூடை. கூடை அவர் கண்டுபிடிப்பு. மரங்கள் அவருக்கு முன்பே நின்றவை.

அந்த மரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். மரங்கள் அடர்ந்த மைதானம் எதிலும் இதைக் காணலாம்: எறியும் பாதையில் தாழ்ந்திருந்த கிளை ஒருநாள் கீழே கிடக்கும். காற்று ஒடித்த கிளை நார் நாராகக் கிழிந்திருக்கும். இதுவோ வழுவழுவென்று அறுபட்டிருக்கும். பையில் டிஸ்க்குகளோடு ரம்பமும் கொண்டுவரும் அன்பரே, தடையற்ற வெளிதான் வேண்டுமென்றால் புல்வெளி மைதானங்கள் எத்தனையோ இருக்க, இங்கே ஏன் வருகிறீர்கள்? இரண்டு மரங்களுக்கு நடுவே ஆள் நுழையும் சந்து. தொலைதூர டிஸ்க்கான டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு, குறுந்தூர டிஸ்க்கான பட்டரைத் தாழ்வாக எறிந்து அதில் நுழைப்பதில்தானே ருசி? கிளையை அறுத்து வாங்கிய பேர்டியை (நிர்ணயித்த எண்ணிக்கையைவிட ஓர் எறி குறைவாக முடிப்பதை) நான் பேர்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்ட விதியும் கண்டிப்பானது: கிளை மிகக் குறைவாக அசையும்படிதான் நின்று எறிய வேண்டும், வேண்டுமென்றே சேதப்படுத்தினால் தண்டனை உண்டு.

இதைவிடப் பெரிய சேதம் காலடியில் நடக்கிறது. இந்த ஓக் மரங்களின் நீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேலடுக்கிலேயே இருக்கிறது. மிதிபட்டு இறுகிய மண்ணில் காற்றும் நீரும் இறங்காது. டிஸ்க்கை மறைக்கிறதே என்று சருகைச் சிலர் காலால் ஒதுக்கித் தள்ளுகிறார்கள். மண்ணின் ஈரத்தைக் காப்பதே அந்தச் சருகுதான். (இரக்கப்பட்டுக் கோடையில் தண்ணீரும் ஊற்றிவிடாதீர்கள். வறண்ட கோடைக்குப் பழகிய மரம்; அடியில் ஈரம் தேங்கினால் வேர் அழுகும்.)

கிளை உண்மையிலேயே ஆபத்தாகத் தொங்கினால் பூங்கா நிர்வாகத்திடம் சொல்லுங்கள், அவர்கள் வெட்டட்டும். குறுக்கு வழி போடாமல், இருக்கிற பாதையிலேயே நடங்கள். எறியத் தொடங்கும் இடங்களான டீக்களைச் சுற்றி மரச்சீவல் பரப்ப அனுமதி கேட்டு நிர்வாகத்திடம் மனு கொடுக்கப் போகிறேன். கையெழுத்திட விரும்புவோர் ஞாயிறு காலையில், முதலாம் டீக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு ஆடும் ஒருவன்