மருந்தடிக்கும்போது மங்கும் கண்ணாடி

ஆசிரியருக்கு வணக்கம்.

மருந்தடிக்கப் போகிறவர் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று சம்பா பட்டத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வயலுக்குள் இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அது வெளுத்துப்போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வரப்பு தெரியாவிட்டால் ஆள் என்ன செய்வார்? மருந்து பட்ட கையுறையாலேயே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்.

வேர்வையும் மூச்சும் கண்ணாடிக்குள் ஈரத்தைச் சேர்க்கின்றன. உள்ளிருக்கும் காற்றைவிட லென்ஸ் குளிர்ந்திருந்தால் அந்த ஈரம் பொடித்துளியாகப் படிகிறது. அடைமழை மாதங்களில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் படிந்தது காய்வதுமில்லை. பல நேரம் குற்றவாளி கண்ணாடியே அல்ல, முகக்கவசம். அதன் மேல்விளிம்பு மூக்கருகே இடைவெளி விட்டால் மூச்சு நேரே கண்ணாடிக்குள் ஏறும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து ஓரம் வரை அழுத்தி வளைக்க வேண்டும். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூம்பி இருபுறமும் திறந்துகொள்ளும். முன்பக்கம் வால்வு வைத்த கவசம் இன்னும் நல்லது. துண்டைக் கட்டிக்கொள்வது மூச்சை மேலே தள்ளும். போதாததற்கு மருந்தையும் உறிஞ்சி மூக்கடியிலேயே வைத்திருக்கும்.

அடுத்தது சோப்புப் பூச்சு. லென்ஸைத் தண்ணீரில் அலசித் தூசியைப் போக்குங்கள். ஈரம் இருக்கும்போதே உட்புறத்தில் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூவோ பாத்திரம் துலக்கும் திரவமோ விட்டு விரலால் பரப்புங்கள். கழுவாமல் நிழலில் காயவிட்டு, பழைய பருத்தித் துணியால் தெளிவாகும் வரை மெல்லத் துடைத்தால் போதும். சோப்பு இருக்கும் பரப்பில் நீர் துளியாக நிற்காமல் ஏடாகப் படர்வதால் பார்வை மறையாது. கனமாகப் பூசினால் வேர்வையோடு வழிந்து கண் எரியும். பூச்சு கரைந்துபோகும் என்பதால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் புதிதாகப் போட வேண்டும். மங்காத பூச்சு போட்டே வந்த லென்ஸ் என்றால் இது எதுவும் வேண்டாம். அலசிக் காயவிடுங்கள், உட்புறத்தைத் தேய்க்காதீர்கள்.

எச்சில் தடவுவது முக்குளிப்பவர்களுக்குச் சரி. மருந்துக் கையை வாய்க்குக் கொண்டுபோகிற வேலை நமக்கு வேண்டாம். பற்பசை கீறும். தின்னர் பட்டால் பாலிகார்பனேட் லென்ஸ் வெடிப்பு விடும்.

வாங்கும்போது காற்றுத் துளைகளைப் பாருங்கள். பக்கவாட்டில் நேர்த்துளை உள்ள மலிவுக் கண்ணாடி அவ்வளவாக மங்காது. ஆனால் மருந்துச் சாரலும் தாராளமாக உள்ளே வரும். நெல் தூற்ற அது போதும், மருந்தடிக்க ஆகாது. மூடாக்குப் போட்ட மறைமுகத் துளை உள்ளதைக் கேளுங்கள். மூடிய கண்ணாடியில் சூடான கம்பியால் ஓட்டை போடுவதும் நடக்கிறது. அதற்குக் கண்ணாடி போடாமலே இருக்கலாம். கண் பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 166 (EN 166) முத்திரை உள்ளவற்றில், பிரேமில் 3 என்ற எண் திரவத் துளிக்குத் தாங்கும் என்பதையும், லென்ஸில் 'N' என்ற ஆங்கில எழுத்து மங்காது என்பதையும் குறிக்கும்.

வேர்வைக்கு நெற்றியில் துணிப்பட்டை கட்டலாம். பட்டை கண்ணாடி விளிம்புக்கு அடியில் போய்விடக் கூடாது. போனால் அந்த இடுக்கு வழியாகவே மருந்து இறங்கும்.

இத்தனைக்குப் பிறகும் மங்கினால் வயல் நடுவில் கழற்றாதீர்கள். தெளிப்பானை நிறுத்திவிட்டு, காற்று வரும் பக்கத்து வரப்பில் ஏறி, கையுறையோடு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையுறையைக் கழற்றிய பின் பின்பட்டையைப் பிடித்துக் கண்ணாடியை எடுங்கள்.

மருந்துக் கடைகளில் தெளிப்பானோடு இலவசமாகக் கொடுப்பது பெரும்பாலும் நேர்த்துளைக் கண்ணாடிதான். அதை மாற்றிக் கொடுக்கக் கடைக்காரர்களும் வேளாண்மைத் துறையினரும் இந்தச் சம்பாவிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும்.

தெளிப்பான் பழுதுபார்ப்போர்,
மன்னார்குடி.