மன்னிக்க ஆள் இல்லாத மன்னிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இன்றைய குடும்ப நாவல்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். குற்றவுணர்வில் தொடங்கும் நாவல் மீட்சியில் முடிந்தால்தான் வாசகருக்கு மனநிறைவு கிடைக்கும் என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மீட்சியைக் கொடுக்க வேண்டியவர் யார் என்று அவர் கேட்கவே இல்லை.

அவர் உச்சிமேல் வைத்துப் பாராட்டும் காலித் ஹுசைனியின் 'தி கைட் ரன்னர்' (2003) நாவலையே எடுத்துக்கொள்வோம். 1975ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், காபூலின் சந்து ஒன்றில், தன் வீட்டு வேலைக்காரரின் மகனும் விளையாட்டுத் தோழனுமான ஹசன் சீரழிக்கப்படுவதைப் பணக்கார வீட்டுப் பையன் அமீர் ஒளிந்து நின்று பார்க்கிறான். சிறுவன், பயந்துவிட்டான் என்று அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிறகு தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் ஹசனுடைய படுக்கைக்கு அடியில் வைத்து அவனுக்குத் திருட்டுப் பட்டம் கட்டுகிறானே, அதை எப்படிப் பொறுப்பது? ஹசனோ, நான்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு, அமீரைக் காட்டிக்கொடுக்காமல் போகிறான். பல ஆண்டுகள் கழித்து அமீர் திரும்பி வரும்போது ஹசன் உயிரோடு இல்லை. ஹசனின் மகன் சொராபை மீட்கப் போன இடத்தில் எலும்பு முறிய அடி வாங்குகிறான். அடி வாங்கும்போதே சிரிக்கிறான், கடன் தீர்ந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றுகிறது. கடன் கொடுத்தவன் மண்ணுக்குள் போய்விட்டான். தீர்ந்தது என்று சொல்ல இவன் யார்? அந்த நாவலில் எனக்கு உண்மையாகப் பட்டது, அமெரிக்காவுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் வாய் திறக்காத சொராபின் மௌனம்தான். கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இயன் மெக்யூவன் 'அட்டோன்மென்ட்' (2001) நாவலில் இந்த இடத்தில் நேர்மையாக இருந்தார். சிறுமியாக இருந்தபோது சொன்ன பொய்ச்சாட்சியால் அக்காவையும் அவளுடைய காதலனையும் பிரித்த பிரையனி, முதுமையில் எழுதும் நாவலில் அவர்களைச் சேர்த்துவைக்கிறாள். நிஜத்தில் இருவரும் 1940லேயே இறந்துவிட்டார்கள் என்பதையும் அவளே சொல்லிவிடுகிறாள். ஆக, அவள் மன்னிப்புக் கேட்டதெல்லாம் காகிதத்தில்தான்.

நம் மொழியில் இமையத்தின் 'செல்லாத பணம்' என்னை இன்னும் பலமாக அடித்தது. பொறியியல் படித்த மகள் ஆட்டோ ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு போகிறாள். பிறகு தீக்காயத்தோடு ஜிப்மருக்குக் கொண்டுவரப்படுகிறாள். வெளியே காத்துக் கிடக்கும் பெற்றோரிடம் பணம் இருக்கிறது, செலவழிக்க மனமும் இருக்கிறது. உயிரை வாங்க அது செல்லவில்லை. அவர்களுக்கு இமையம் எந்தப் பரிகாரமும் எழுதவில்லை. எழுதியிருந்தால் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பேன்.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவர் என் அக்கா. என்னைப் படிக்கவைக்கத் தன் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவர். வேறு சாதியில் அவர் திருமணம் செய்துகொண்டதும் அப்பாவோடு சேர்ந்து நானும் பேச்சை நிறுத்திவிட்டேன். அந்தத் தீபாவளிக்கு எங்கள் ஊர் பஸ் கண்டக்டரிடம் ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம் கொடுத்தனுப்பியிருந்தார். மூடியைக்கூடத் திறக்காமல் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினேன். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. ஒன்பது ஆண்டுகள் பேசவில்லை.

'எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை
செய்ந்நன்றி கொன்ற மகற்கு'

பள்ளிக்கூடத்தில் இந்தக் குறளை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். இன்று 'உய்வில்லை' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. எல்லாவற்றுக்கும் கழுவாய் வைத்த வள்ளுவர் இதற்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டார்.

அப்பா இறந்தபோது அக்காதான் முதலில் வந்தார். அதற்குப் பிறகு போக்குவரத்து இருக்கிறது. வாய்விட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். கேட்டால் என் பாரம் இறங்கும். வாளி திரும்பி வந்த அந்த நாளை அக்கா மறுபடியும் நினைக்க வேண்டியிருக்கும். என் நிம்மதிக்காக அவரிடம் இன்னொன்றை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இந்த இடத்தில் திகைத்து நிற்கும் ஒருவனைப் பற்றி யாராவது நாவல் எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

சென்ற பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பால்காரர் குரல் கொடுத்ததும் உள்ளேயிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அடிப்பக்கம் நசுங்கியிருந்தது, கைப்பிடிக்குக் கம்பி மாற்றியிருந்தார்கள். அதே வாளிதான். அந்தப் பாலில்தான் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
விருத்தாசலம்