கழிவுக்கும் செலவுக் கணக்கில் ஒரு வரி போடுங்கள்: திருப்பூர் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் சாயப்பட்டறை முதலாளிகளுக்கும் ஏற்றுமதி கம்பெனிக்காரர்களுக்கும்,

வணக்கம்ங்க. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் ஆற்றங்கரையில் தோட்டம் வைத்திருக்கிற குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். சண்டைக்கு வரவில்லை. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே பனியன் கம்பெனிச் சம்பளத்தில்தான்.

ஆர்டர் கூடும்போதெல்லாம் உங்கள் பக்கம் ஒரு பேச்சு வரும்: "வர்ற ஆர்டரை முதல்ல பிடிப்போம், கழிவை அப்புறம் பார்த்துக்கலாம்." அப்படி ஒருமுறை செய்து பார்த்தாகிவிட்டது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயம் பெரும்பாலும் துணியோடு போகும். உப்பு தண்ணீரோடு வெளியே வரும். நிறத்தை எடுத்துவிட்டால் தண்ணீர் தெளிவாகத் தெரியும், உப்பு மட்டும் அதிலேயே இருக்கும். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷங்களிலேயே சாயக்கழிவுக் குட்டையாகிவிட்டது. தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்ட அணை அது. கிணற்றுப் படியெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. தென்னை ஓலை நுனியிலிருந்து கருகியது. மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

2006இல் உயர் நீதிமன்றம் சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்றது. இழுத்தடித்தீர்கள். 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. துணியை வெளி மாவட்டங்களுக்கு லாரியில் அனுப்பிச் சாயம் போட்ட காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். நெருக்கடியில் கடன் வாங்கிச் சுத்திகரிப்பைச் சரிசெய்ததும் நீங்கள்தான். மலிவு விலைத் துணியின் லாபம் அதை வாங்குகிற பையருக்குப் போய்விட்டது. பாக்கியை முதலில் நாங்கள் கட்டினோம், பிறகு நீங்கள் கட்டினீர்கள்.

இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரைப் பெரும்பாலும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறீர்கள். அது பெரிய காரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழிவுநீரைச் சூடாக்கி வற்றவைக்கும் ஆவியாக்கியின் கடைசியில் மிஞ்சுகிற கலவை உப்பு? திரும்பச் சாயத்துக்கும் ஆகாது, மண்ணில் கொட்டவும் முடியாது. மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கியிருக்கிறீர்கள். மழையில் கரைந்தால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று எங்களைக் கேட்டால் சொல்வோம்.

அதனால் கேட்கிறேன். புது மெஷின் இறக்குவதற்கு முன்னால், அதிலிருந்து வரும் உப்பு எங்கே போகும் என்பதை எழுத்தில் காட்டுங்கள். துணிக்கு ஆகும் செலவை எழுதுகிற உங்கள் காஸ்டிங் ஷீட்டில் நூலுக்கு ஒரு வரி, நிட்டிங்குக்கு ஒரு வரி, டையிங், காம்பாக்டிங், கட்டிங், செக்கிங், கடைசியில் பாலிபேக்குக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. இந்த உப்புக்கும் ஒரு வரி போடுங்கள். கிலோவுக்கு எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், தனிக் கணக்கில் சேருங்கள். பையர் பேரம் பேசும்போது அந்த வரியில் மட்டும் கைவைக்க விடாதீர்கள். ஒருவர் மட்டும் போட்டால் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும் என்பது நியாயமான பயம்தான். அதனால்தான் தனித்தனியாக இல்லாமல், எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அதை முடிவு செய்கிற கூட்டத்துக்குக் கடைமடையிலிருந்தும் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் கணக்கோடு வருகிறோம்.

இப்படிக்கு,
நொய்யல் கரை விவசாயி ஒருவன்