‘அரசுக்கு இழப்பு’ என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரத் தலையங்கத்தில் எங்கள் ஊர் வெள்ளத்தைப் பற்றி ‘இயற்கையின் சீற்றத்தால் அரசுக்குப் பெரும் இழப்பு’ என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இருபது வருடமாக உங்கள் இதழை வாங்குகிறவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அரசுக்கென்று தனியாக ஏது பணம்? உடைந்த பாலத்தைக் கட்டுவதும் சாய்ந்த மின்கம்பத்தை நடுவதும் மக்கள் கட்டும் வரியில்தான். அந்தக் கணக்காவது ஏதோ ஒரு கோப்பில் ஏறுகிறது. எதிலும் ஏறாத கணக்கு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் எனக்கு ஆத்திரம்.

அந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. ஃபிரிட்ஜ் மிதந்து கவிழ்ந்து, அம்மாவுக்கு வைத்திருந்த இன்சுலின் சேற்றோடு போனது. மருந்துக் கடைக்குள்ளும் தண்ணீர். ஐந்தாம் நாள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பக்கத்து வீட்டுக்காரர் கூலி வேலைக்குப் போகிறவர். மூன்று வாரம் வேலையில்லாமல் வட்டிக்குக் கடன் வாங்கினார், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். என் மகளின் பள்ளிக்கூடம் முகாமாகிவிட்டதால் ஒரு மாதம் பாடமில்லை. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு, இரண்டு முறை வெள்ளையடித்தும் பழுப்பாக மேலே வருகிறது. இவற்றில் ஒன்றாவது நீங்கள் போட்ட இழப்புத் தொகையில் இருக்கிறதா?

கணக்கிட முடியாது என்று சொல்லாதீர்கள். 2022 பாகிஸ்தான் வெள்ளத்துக்குப் பிறகு அந்நாட்டு அரசும் உலக வங்கியும் ஐ.நா.வும் மற்றவர்களும் சேர்ந்து மதிப்பிட்டார்கள். இடிந்தது, உடைந்தது எல்லாம் சுமார் 1,490 கோடி டாலர். அதனால் நின்றுபோன விளைச்சல், வேலை, வருமானம் சுமார் 1,520 கோடி டாலர். கண்ணுக்குத் தெரிந்த சேதத்தைவிடத் தெரியாத இழப்புதான் அதிகம். நீங்கள் அறியாததல்ல. பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் உலக அளவில் ஒரு சதவீதம்கூட வெளியிடாத நாடு அது. மறுவருடம் அந்நாட்டுக்காக ஜெனீவாவில் நடந்த கூட்டத்தில் உதவி என்று அறிவிக்கப்பட்டதிலும் பெரும்பகுதி கடன்தான். வெள்ளத்தில் போனதற்கு வட்டியும் கட்ட வேண்டும் என்றால் என்ன நியாயம்?

வெயில் இன்னும் மோசம். 2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000 பேருக்கு மேல் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு பாலமும் உடையவில்லை, ஒரு வீடும் இடியவில்லை. மாரடைப்பு, முதுமை என்று சான்றிதழில் எழுதி முடித்துவிட்டால் அது யாருடைய இழப்பு?

அப்புறம் அந்த ‘இயற்கையின் சீற்றம்’. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதுதான் மழையாகக் கொட்டித் தீர்க்கிறது. சூடாக்கியது நிலக்கரியும் எண்ணெயும் எரித்த நாம். இயற்கை சீறியது என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் தெரு வடிகால் தூர்ந்து கிடப்பதைப் பற்றி உங்களுக்குக் கடிதம் எழுதினேன். சுருக்கி நான்கு வரியாகப் போட்டீர்கள், நன்றி. அந்த நான்கு வரியில் வடிகால் என்ற சொல்லே இல்லை. அந்த வடிகால் வழியாகப் போக வேண்டிய தண்ணீர்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

முன்கூட்டிச் செலவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு எச்சரிக்கை சொல்லத் தொண்டர்களைச் சேர்த்தார்கள், புகலிடங்கள் கட்டினார்கள். 2007 சிதர் புயலும் கடுமையானதுதான்; இறந்தவர்கள் சில ஆயிரம் பேர். அதுவும் பெரிய சோகம்தான், ஆனால் லட்சங்கள் இல்லை. புயல் மனம் மாறிவிடவில்லை, மனிதர்கள் ஏற்பாடு செய்தார்கள்.

இப்படி ஏழை நாடுகளுக்கு வரும் இழப்பை ஈடுகட்ட ஒரு நிதியம் வேண்டும் என்று 2022-இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் முடிவெடுத்தார்கள். அடுத்த வருடம் துபாயில் தொடங்கியபோது வந்த வாக்குறுதி சுமார் 70 கோடி டாலர். பாகிஸ்தானின் ஒரே வெள்ளத்துக்கே 3,000 கோடி. இதை நீங்களும் ஒரு மூலையில் சின்னதாகப் போட்டிருந்தீர்கள், வெட்டி வைத்திருக்கிறேன்.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை ‘அரசுக்கு இழப்பு’ என்பதை ‘மக்களுக்கு இழப்பு’ என்று மாற்றுங்கள். தண்ணீர் வடிந்து ஆறு மாதம் கழித்து, படம் எடுக்க வந்த அதே செய்தியாளரை அதே தெருவுக்கு ஒரு நாள் அனுப்புங்கள். அந்தச் சுவர்க் கோட்டை அவருக்குக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி