பாசலா, ஃபிரைபுர்கா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

சுவிஸில் பாசல், ஜெர்மனியில் ஃபிரைபுர்க் என்று உனக்கு வந்த இரண்டு வேலை ஆஃபரையும் பார்த்தேன். பாசல் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாரும் மிதக்கிறார்களாம், அம்மா சொன்னாள். பெருக்கியது சரி, கழிக்க வேண்டாமா?

முதலில் மருத்துவக் காப்பீடு. சுவிஸில் சம்பளத்தைப் பார்த்து அது பிடிக்கப்படுவதில்லை, தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் நீயே கட்ட வேண்டும்: உனக்கு ஒன்று, உன் மனைவிக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று. போதாததற்கு, பெரியவர்களுக்கு ஆண்டில் முதல் 300 பிராங்க் வைத்தியச் செலவு கைக்காசு. அதை 2500 வரை உயர்த்திக்கொண்டால் பிரீமியம் குறையும் என்று அப்படி எடுத்துவிட்டு, அப்புறம் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. ஜெர்மன் பொதுக் காப்பீட்டில் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட விகிதம் போகும், ஏறக்குறைய பாதியைக் கம்பெனி கட்டும், வருமானம் இல்லாத மனைவியும் குழந்தையும் தனிக் கட்டணம் இல்லாமல் அதிலேயே அடக்கம்.

பாப்பாவின் காப்பகச் செலவும் பார். மானியம் இல்லாவிட்டால் சுவிஸ் நகரங்களில் ஒரு நாளைக்கே நூறு பிராங்கைத் தாண்டும். ஜெர்மனியில் ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் என்பது 2013 முதல் சட்டப்படி உரிமை, நேரத்துக்குக் கிடைக்குமா என்பது வேறு கதை.

சனிக்கிழமை பாசலில் 8ஆம் நம்பர் டிராமில் ஏறிப் பார். தள்ளுவண்டிப் பையும் கையுமாக எல்லை தாண்டி ஜெர்மன் ஊரான வைல் ஆம் ரைனுக்குப் போகிறார்கள், டயப்பர், ஷாம்பூ, ஆளுக்கு ஒரு கிலோ இறைச்சி (அதற்கு மேல் கொண்டுபோனால் சுங்கம்) வாங்கி, ஜெர்மன் வரியைத் திரும்பப் பெற அந்தப் பச்சைச் சீட்டில் முத்திரை குத்த வரிசையில் நிற்கிறார்கள். நல்ல சம்பளக்காரர்கள்தான்!

சுவிஸைக் குறை சொல்லவில்லை. வரி குறைவு, ஊர் சுத்தம், ரயில் நேரத்துக்கு வரும். ஜெர்மன் நெடுந்தூர ரயில்களில் 2024இல் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குள் வந்தால் தாமதமே இல்லை என்கிற தாராளக் கணக்கில். ரொம்பத் தாமதமாக வரும் ஜெர்மன் ரயிலைச் சில சமயம் பாசலோடு நிறுத்திவிடுகிறார்கள், சுவிஸ் அட்டவணை கெடக்கூடாதே.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில் லொராக்கில் வீடு, பாசலில் வேலை என்று நீ போட்ட திட்டம் இப்போதைக்கு நடக்காது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு எல்லை தாண்டி வேலைக்குப் போக, முதலில் ஜெர்மனியில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி வேண்டும்.

தனி ஆளாக இருந்தால் பாசல்தான் என்றிருப்பேன். ஒரு சம்பளம், கைக்குழந்தை என்ற இப்போதைய நிலைக்கு என் ஓட்டு ஃபிரைபுர்குக்கு. உன் மனைவியும் வேலைக்குப் போன பிறகு கணக்கை மறுபடி போடலாம்.

எதற்கும் பாசல் கம்பெனியிடம், வேலை பெர்மிட் வராவிட்டால் ஆஃபர் என்ன ஆகும் என்று எழுத்தில் கேள், ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு அங்கே ஆண்டுக்கு இத்தனைதான் என்று கோட்டா உண்டு. ஃபிரைபுர்க்காரர்களிடம் வீடு பிடித்துத் தருவார்களா என்று கேள். அந்த ஊரில் வாடகை வீடு கிடைப்பது பெரும்பாடு.

அண்ணன்