காரைச் சுவருக்கு சிமென்ட் வேண்டாம்

ஆசிரியருக்கு,

நூறாண்டு கடந்த பள்ளிக் கட்டடங்களைப் பழைமை கெடாமல் புதுப்பிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மகிழ்ச்சிதான். ஆனால் ‘புதுப்பித்தல்’ என்று யாராவது சொன்னாலே எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். கட்டடப் பராமரிப்பில் காலம் தள்ளியவன் நான். சில தப்பான வேலைகளுக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சென்னையில் ஒரு பழைய பள்ளி, பெயர் வேண்டாம். ஆய்வகச் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்துபோயிருந்தது. சுரண்டிவிட்டு சிமென்ட் பூசி, பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்தோம். பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். மூன்று மழைக்காலம் தாங்கியது. அப்புறம் ஒரு நாள் அந்தப் பூச்சு பாளமாகக் கழன்று விழுந்தது. பின்னாலிருந்த செங்கல்லை நகத்தால் கீறினேன். ஈர மணலாக உதிர்ந்தது.

சுண்ணாம்பும் மணலும் குழைத்த காரையால் கட்டிய சுவர் மழையில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்ட்டால் மூடிவிட்டால் ஈரத்துக்குப் போக வழியில்லை. உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லைத் தின்னும். அதைவிட மோசம், சுவருக்குள் செருகியிருக்கும் தேக்கு உத்திரத்தின் முனை அந்த ஈரத்தில் உளுத்துப்போவது. மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் காரையும் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரையின் பாரம் முழுவதும் அந்த முனைகளில்தான் இறங்குகிறது. சுத்தியலால் தட்டினால் நல்ல கட்டை ‘டங்’ என்னும், உளுத்தது ‘தொம்’ என்னும். கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்துவிட்டால் தட்டிப் பார்க்கவும் முடியாது, ஒழுகுவதும் தெரியாது. உயரத்திலிருக்கும் வென்டிலேட்டரும் அடைபட்டுப் பிள்ளைகள் வெந்துபோவார்கள். உடனே ஏசி கேட்டுக் கடிதம் வரும்.

இடித்துவிடலாமே என்பவர்களின் பயம் புரிகிறது. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஆபத்தான சுவரை இடிக்கத்தான் வேண்டும். ஆனால் வயதை மட்டும் பார்த்து இடிப்பது சரியல்ல. 2012 ஜனவரியில் தீயில் சிதைந்த சேப்பாக்கம் கலச மஹாலை, அந்தப் பழைய நவாப் அரண்மனைக் கட்டடத்தை, பொதுப்பணித் துறையே சுண்ணாம்புக் காரை வைத்து மீட்டிருக்கிறது. கைவேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

சென்னையில் நீதிபதி பத்மநாபன் குழு பட்டியலிட்ட பாரம்பரியக் கட்டடங்கள் 467. இத்தகைய கட்டடங்களைக் காக்க மாநிலத்துக்கு 2012-லேயே பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் பள்ளிகளில் வேலை கெடுவது பெரும்பாலும் காலண்டரால்தான். கோடை விடுமுறை ஒன்றரை மாதம். சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, புளிக்கவிட்டு, அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்து, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்த பூச்சு என்று போவதற்கு அது போதாது. ஜூனில் பள்ளி திறக்க வேண்டும் என்ற அவசரத்தில் சிமென்ட் மூட்டை உள்ளே வந்துவிடும். என் காலத்துச் செலவு மதிப்பீடுகளில் சுண்ணாம்பு வேலை என்று ஒரு வரிகூட இருக்காது.

கழிப்பறை, சாய்தளம், நல்ல ஒயரிங் எல்லாம் கட்டாயம் வேண்டும். அதற்காக வராண்டா வளைவை உடைக்க வேண்டியதில்லை. கழிப்பறையை மைதானத்து ஓரத்தில் தனியாகக் கட்டலாம். கழற்றிய தேக்கு ஜன்னல்களை எடைக்குப் போடாமல், உளுத்த சட்டத்தை மட்டும் மாற்றித் திரும்ப மாட்டலாம்.

ஒரே கோடையில் முழுப் பள்ளியையும் முடிக்க நினைக்காமல், ஆண்டுக்கு ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த கோடை வேலைக்கு, தை மாதமே சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் போட்டுவிட வேண்டும். அதற்கு இப்போதே மதிப்பீட்டில் ஒரு வரி சேர்த்தாக வேண்டும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்,
சென்னை