கைக்கு ஒரு ஃபைல், காருக்கு ஒரு ஃபைல்

அன்புள்ள கண்ணு,

வலது மணிக்கட்டில் பிளேட் வைத்திருப்பதால் கையெழுத்துப் போடவே வரவில்லை என்றாய். நல்லதாகப் போயிற்று, இப்போதைக்கு யார் எதை நீட்டினாலும் போடாதே. உன் காரில் மோதிய காரின் ஓனர் ஆஸ்பத்திரி செலவைத் தந்துவிடுகிறேன் என்று பேப்பரோடு வருவார். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற ஒரு வரி அதன் அடியில் இருக்கும்.

உன் கார் வேறு, உன் கை வேறு. காருக்கு உன் பாலிசியின் ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி. கைக்கு எதிர்வண்டியின் தேர்ட் பார்ட்டி, அதாவது அந்த வண்டியால் அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் இன்சூரன்ஸ். இரண்டுக்கும் தனித்தனி ஃபைல் போடு.

கார் விஷயம் சுருக்கம். சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை ஒர்க்ஷாப்பில் எதையும் கழற்ற விடாதே. ரேடியேட்டர் ஒழுகுகிறதே, ஸ்டார்ட் பண்ணி நகர்த்தவும் வேண்டாம், டோ பண்ணச் சொல். சூடேறி இன்ஜின் சீஸ் ஆனால் அது மோதலால் வந்ததல்ல என்று தள்ளிவிடுவார்கள். தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் எடுக்காததால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக்குக்குப் பாதி விலைதான் வரும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. மூன்று வருஷம் தாண்டிய வண்டி என்பதால் இரும்பு பாகங்களில் 25 சதவீதம் போகும். 1500 சிசிக்குள் என்பதால் இன்னொரு 1,000 ரூபாய் உன் கையிலிருந்து.

கை விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். கேஷுவாலிட்டியில் எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை முதலில் வாங்கிப் படி. அந்த அவசரத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு ‘கார் தடுப்பில் மோதி’ என்று எழுதியிருந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்ளும். எதிர்வண்டி மோதியது என்று இருக்கிறதா, வலது கை என்று இருக்கிறதா பார். தப்பிருந்தால் இப்போதே எழுத்தில் கொடு. நீயாகத் திருத்தாதே.

போலீஸில் புகார் வாங்கியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்காதே, எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும். எலும்பு முறிவு என்றால் கொடுங்காயம்; பி.என்.எஸ். என்ற குற்றச் சட்டத்தின் 281-ஆம் பிரிவோடு (அலட்சியமாக ஓட்டியது) 125(பி)-யும் (கொடுங்காயம்) இருக்கிறதா என்று பார். ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு போட்டாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரல் முதல் அப்படித்தான்; காலக்கெடுவே இல்லை என்று சொல்கிறவர்கள் பழைய கதை பேசுகிறார்கள். விபத்து சேலத்தில் என்றாலும் நீ குடியிருக்கும் கோவையிலேயே போடலாம்.

தொகை எப்படி வரும் என்றும் தெரிந்துகொள். வருஷ வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்குவார்கள்; 28 வயதுக்கு அது 17. மாதம் 40,000 வருமானம் என்றால் 12 ஆலும் 17 ஆலும் பெருக்கி 81,60,000. மெடிக்கல் போர்டு 10 சதவீத ஊனம் தந்து, அதையே அப்படியே எடுத்தால் 8,16,000. ஆனால் உச்ச நீதிமன்றம் 2010-லேயே ராஜ்குமார் வழக்கில் சொன்னது, உடம்பின் ஊனத்தை அல்ல, அதனால் சம்பாத்தியம் எவ்வளவு குறைகிறது என்பதைப் பார் என்று. உன்னைப் போன்ற பல் டாக்டருக்கு வலது மணிக்கட்டு திரும்பாவிட்டால்? 25 சதவீதம் என்று ஏற்றுக்கொண்டால் 20,40,000. எனவே மணிக்கட்டு எத்தனை டிகிரி திரும்புகிறது, பிடி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சிகிச்சை தந்த டாக்டரிடம் எழுதி வாங்கு. எலும்பு கூடிய பிறகுதான் போர்டுக்குப் போக வேண்டும், முன்னால் போனால் திருப்பி அனுப்புவார்கள். மூன்று வருஷ ஐ.டி. ரிட்டர்ன் எடுத்து வை.

ஹெல்த் இன்சூரன்ஸில் ஒரிஜினல் பில் கொடுப்பதற்கு முன் நகலில் ஆஸ்பத்திரி சீல் வாங்கிக்கொள். டிஸ்சார்ஜ் ஆகும்போது எக்ஸ்ரே ஃபிலிமை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடாதே, முறிவும் பிளேட்டும் தெரியும் இரண்டு படமும் வேண்டும்.

அப்பா